மெட்டல் டிடெக்டருடன் நீரில் இறங்குவோருக்கு: வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் ஹார்னெஸ்

ஃப்ளோரிடாவின் கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் உலர்ந்த மணலில்தான் தேடத் தொடங்குகிறார்கள். சில வாரங்கள் பாட்டில் மூடிகளையும் சில்லறைக் காசுகளையும் பொறுக்கிய பிறகு, தங்க மோதிரங்கள் கிடைப்பது பெரும்பாலும் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட நீரில்தான் என்று அனுபவசாலிகள் சொல்வது அவர்கள் காதிலும் விழுகிறது. அதற்குக் காரணங்கள் எளியவை. குளிர்ந்த நீரில் விரல்கள் சற்றே சுருங்குகின்றன. வெயிலுக்குப் பூசிய களிம்பு தோலை வழுக்கலாக்குகிறது. அலையோடும் பந்தோடும் விளையாடும்போது மோதிரம் கழன்று விழுந்துவிடுகிறது. தங்கம் மிகவும் கனமான உலோகம் என்பதால், அலை புரட்டிக்கொண்டே இருக்கும் மணலுக்குள் அது இறங்கி, அடியிலுள்ள சிப்பித் தூள் அடுக்கிலோ களிமண்ணிலோ தங்கிவிடுகிறது. அதைத் தேடி நீரில் இறங்குகிறவர், அரை மணி நேரத்துக்குள்ளாகவே தோள் வலிப்பதையும், கைகள் இரண்டே இருக்கத் தூக்க வேண்டிய கருவிகள் நான்கைந்து இருப்பதையும் உணர்ந்துவிடுவார்.

டிடெக்டர், நீண்ட கைப்பிடியுள்ள மணல் அள்ளி, இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறிய பாயின்டர், கிடைத்தவற்றைப் போடும் பை, சிலரிடம் மிதக்கும் சல்லடை ஆகிய எல்லாவற்றையும் உடலோடு ஒழுங்காகச் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னெஸை வீட்டிலேயே தைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இக்கட்டுரை சொல்கிறது. கடையில் விற்கும் ஹார்னெஸ்களில் பெரும்பாலானவை நிலத்தில் நடப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நீரின் தேவை வேறு என்பதால் அவற்றை அப்படியே நம்பி இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

நீரில் கையைச் சோர வைப்பது எது?

நிலத்தில் டிடெக்டரின் எடைதான் தொல்லை தருகிறது. நீரில் மூழ்கிய பொருளின் எடையில் ஒரு பகுதியை நீரே தாங்கிக்கொள்வதால் அந்தத் தொல்லை குறைகிறது. அதன் இடத்தை நீரின் தடை பிடித்துக்கொள்கிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. மேலும், வீசும் வேகத்தை இரட்டித்தால் தடை நான்கு மடங்காகிறது. டிடெக்டரின் தண்டின் மேல் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்திக்கொண்டு இடமும் வலமுமாக ஆயிரக்கணக்கான முறை நீரைக் கிழித்தால் தோள்பட்டை என்னவாகும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஆகவே, வீசும்போது நீருக்குள் நகர வேண்டியவை மெல்லிய தண்டும், அதன் முனையில் உலோகத்தை உணரும் தட்டான காயிலும் (coil) மட்டுமே. மற்றவை அனைத்தும் அசையாத உடம்பின் மேல் இருக்க வேண்டும். ஹார்னெஸின் முதல் வேலை இதுதான்.

இரண்டாவது வேலையைப் புதியவர்கள் பலர் யோசிப்பதே இல்லை. அலை தள்ளியோ கால் குழியில் இறங்கியோ ஒருவர் தடுமாறும்போது, உடம்பில் கட்டிய அத்தனையும் சில நொடிகளில் கழன்று விழ வேண்டும். எனவே ஹார்னெஸை வடிவமைக்கும்போது எப்படி மாட்டுவது என்பதற்கு முன்பே எப்படிக் கழற்றுவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பல வீட்டுத் தயாரிப்புகள் பார்வைக்கு அழகாக இருந்தும் இந்த இடத்தில்தான் தவறிவிடுகின்றன.

உங்கள் டிடெக்டர் எந்த வகை?

மைன்லேப் எக்ஸ்காலிபர் 2, காரெட் சீ ஹண்டர் மார்க் 2, ஃபிஷர் சிஇசட்-21 போன்ற நீர்க்கருவிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தண்டிலிருந்து பிரித்து உடம்பில் கட்டிக்கொள்ள முடியும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இவற்றுக்கே பொருந்தும். எக்ஸ்காலிபரில் காயிலும் ஹெட்ஃபோனும் பெட்டியோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. தண்டைக் கையிலிருந்து விட்டுவிட்டால் மட்டும் நீங்கள் விடுபட்டுவிட மாட்டீர்கள். பெட்டி இடுப்பில் இருக்கும்வரை, கம்பி வழியாகக் காயில் உங்களோடு இழுபட்டுக்கொண்டே வரும்.

மைன்லேப் ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜெண்ட் போன்ற புதிய கருவிகளில் கட்டுப்பாட்டுப் பகுதி கைப்பிடியோடு சேர்ந்தே இருப்பதால் அதைப் பிரித்து இடுப்பில் கட்ட வழியில்லை. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஹார்னெஸ் என்பது பையையும் பாயின்டரையும் சல்லடையையும் தாங்கும் இடுப்புப் பட்டைதான். தோள் வார்கள்கூடத் தேவைப்படாமல் போகலாம். எக்ஸ்பி டியஸ் 2 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியான ரிமோட் தனியாகக் கழலும். ஆனால் ரேடியோ அலை நீருக்குள் வெகுதூரம் செல்லாது என்பதால், காயிலிலிருந்து ரிமோட் வரை ஒரு ஆன்டெனா கம்பியைக் கட்டியாக வேண்டும்.

ஒவ்வொரு கருவியும் எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டே இறங்குங்கள். எக்ஸ்காலிபரும் சீ ஹண்டரும் 60 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஈக்வினாக்ஸ் 800 தாங்குவது 3 மீட்டர்தான். மார்பளவு நீருக்கு எல்லாமே போதும் என்றாலும், பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தால் இந்த எண்களுக்குப் பொருளில்லை.

பெட்டியை வைக்கும் இடம்

இடுப்பிலும் வைக்கலாம், மார்பிலும் வைக்கலாம். முழங்கால் முதல் தொடை வரையுள்ள நீரில் இடுப்பு வசதியானது: எடை இடுப்பெலும்பில் இறங்குகிறது, மார்பு சுதந்திரமாக இருக்கிறது, குனிந்து அள்ளும்போது எதுவும் முகத்தில் இடிப்பதில்லை. ஆனால் நீர் இடுப்பைத் தாண்டியவுடன் பெட்டியிலுள்ள குமிழ்கள் கலங்கிய நீருக்குள் மறைந்துவிடுகின்றன. உணர்திறனைக் குறைக்கவோ கூட்டவோ தடவிப் பார்த்தே திருப்ப வேண்டியிருக்கிறது. மார்பில் வைத்தால் குமிழ்கள் கண்ணெதிரே இருக்கும், ஆனால் பெரிய அலை முதலில் அந்தப் பெட்டியில்தான் மோதும். ஃப்ளோரிடாவின் மேற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துக் கிளியர்வாட்டர் போன்ற அமைதியான கரைகளில் மார்பும், அட்லாண்டிக் பக்கத்து அலைகளில் இடுப்பும் ஏற்றவை என்பது என் கருத்து. கீழே சொல்லும் வடிவத்தில் பெட்டியின் பலகையை இரண்டு இடத்திலும் மாற்றிக் கட்டிக்கொள்ள முடியும்.

இடுப்பில் வைப்பதானால், டிடெக்டரை வீசும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து இடுப்பில் வையுங்கள். அப்போதுதான் கம்பி குறுகிய வழியில் தண்டுக்குச் செல்லும். பையும் பாயின்டரும் எதிர்ப்பக்கத்துக்கு உரியவை. இங்கே வலது கையால் வீசுபவரை வைத்தே எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

பொருள்கள்

நாடாவைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்பட வேண்டாம். பருத்தி நாடா உப்புநீரில் மட்கிப்போகும். நைலான் வலிமையானது, தோலுக்கும் மென்மையானது. ஆனால் நீரை உறிஞ்சிச் சற்றே நீள்வதால், கரையில் இறுக்கமாக இருந்த பட்டை நீரில் தளர்ந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் நீரை உறிஞ்சாது, மிதக்கும், விலையும் குறைவு. வெயிலில் நாளடைவில் நொறுங்கிப்போவது அதன் குறை. பாலியெஸ்டர் அதிகம் நீளாது, வெயிலையும் தாங்கும். கிடைத்தால் பாலியெஸ்டரை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பாலிப்ரொப்பிலீனில் தைத்து, நிறம் வெளுத்து நார் பிரியத் தொடங்கும்போது புதிது மாற்றிக்கொள்ளுங்கள். இடுப்புக்கு 50 மில்லிமீட்டர் அகல நாடாவும், தோளுக்கு 38 மில்லிமீட்டரும், பெட்டியையும் பையையும் கட்ட 25 மில்லிமீட்டரும் வேண்டும். நூல் பாலியெஸ்டர் நூலாகவே இருக்கட்டும்.

இடுப்புக்கு இரண்டு வகைப் பூட்டுகள் உண்டு. பள்ளிப் பைகளில் இருபக்கமும் அழுத்தினால் கழலும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று. முக்குளிப்பவர்கள் ஈயக் கட்டிகளைக் கட்டும் பெல்ட்டில் உள்ள, நெம்பினால் சட்டென்று விடுபடும் பக்கிள் மற்றொன்று. கிளிப்பின் பல்லிடுக்கில் மணல் புகுந்தால் அழுத்தம் இறங்காமல் சிக்கிக்கொள்வதுண்டு. நெம்பு பக்கிளைக் கையுறை போட்ட விரலாலும் திறந்துவிடலாம். இடுப்புக்கு நெம்பு பக்கிளையே வாங்குங்கள். பிளாஸ்டிக்கிலும் அது கிடைக்கிறது.

பெட்டியைத் தாங்கும் பலகைக்குச் சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையைவிடப் பொருத்தமான பொருளை நான் பார்த்ததில்லை. அது பாலிஎத்திலீன், உப்பில் அரிக்காது, மிதக்கும், சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம், அதில் உலோகம் துளியும் இல்லை. 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் போதும்.

உலோகத்தைப் பற்றி ஒரு சொல். இடுப்பிலுள்ள பக்கிள் உலோகமாக இருந்தால் டிடெக்டர் ஓயாமல் கத்தும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சிறிய பொருளைக் காயில் உணரும் தூரம் ஏறக்குறைய காயிலின் விட்டத்தளவே என்பதால், கடலடியில் நகரும் காயிலுக்கு இடுப்புப் பக்கிள் எட்டாது. உலோகத்தைத் தவிர்ப்பதற்கு உண்மையான காரணம் துரு: துத்தநாகப் பூச்சுள்ள வளையங்கள் உப்புநீரில் விரைவாகக் கெட்டு, துருவின் கூரிய விளிம்பு நாடாவை அறுத்துவிடும். காயிலுக்குத் தொந்தரவு தருபவை வேறு: தொங்கியபடி அருகில் வந்துபோகும் அள்ளி, சல்லடையின் கம்பி வலை, காலணியின் உலோகக் கண்கள். காந்தத் துடிப்புகளை அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்ஷன் வகைக் கருவிகள் இரும்பையும் விடாமல் அறிவிப்பவை என்பதால், அவ்வகையைச் சேர்ந்த சீ ஹண்டரை வைத்திருப்பவர்கள் காலணியைக்கூடச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தைக்கும் முறை

முதலில் அளவு. நீரில் எதை அணிந்துகொண்டு இறங்குவீர்களோ, அதன் மேல் அளவெடுக்க வேண்டும். குளிரைத் தடுக்கும் ரப்பர் உடையான வெட்சூட் போடுபவர் வெறும் இடுப்பை அளந்தால் பட்டை எட்டாமல் போய்விடும். இடுப்பெலும்பின் மேற்பகுதியைச் சுற்றி அளந்து அதோடு 30 சென்டிமீட்டர் கூட்டி 50 மில்லிமீட்டர் நாடாவை வெட்டுங்கள். தோள் வாருக்கு, முதுகின் நடுவில் பட்டையிலிருந்து தோள் வழியாக முன்புறப் பட்டை வரை அளந்து, 20 சென்டிமீட்டர் கூட்டி இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். வெட்டிய ஒவ்வொரு முனையையும் மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் ஒருகணம் காட்டி நார்கள் உருகி ஒட்டுமாறு செய்ய வேண்டும். உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஆறும்வரை விரலால் தொடாதீர்கள். இவ்வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

அடுத்து, இரண்டு தோள் வார்களையும் முதுகுப்பக்கம் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, கழுத்தின் அடியிலிருந்து ஒரு சாண் கீழே, இரண்டு வார்களும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து சந்திக்குமாறு வைத்து, அங்கிருந்து ஒரே நாடாவாக இடுப்புப் பட்டை வரை இறக்குங்கள். வார்கள் தனித்தனியாக இடுப்பில் இறங்கும் வடிவத்தைவிட இது தோளிலிருந்து நழுவாமல் நிற்கிறது. குனியும்போதுதான் வித்தியாசம் புரியும்.

எடை தாங்கும் ஒவ்வொரு இணைப்பிலும் பெட்டித் தையல் போட வேண்டும். நாடாவின் அகலத்துக்குச் சமமான சதுரம் ஒன்றைத் தைத்து, அதன் மூலைகளைக் குறுக்காக இணைத்து இரண்டு கோடுகள் தைப்பதே பெட்டித் தையல். வீட்டுத் தையல் மிஷினில் 16 அல்லது 18ஆம் எண் ஊசியைப் போட்டு, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக வைத்துக்கொண்டால் இரண்டு அடுக்கு நாடாவைச் சிரமமின்றித் தைக்கலாம். மூன்று அடுக்குகள் சேரும் இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி உடைவது அங்கேதான். மிஷின் இல்லாதவர்கள் குத்தூசியும் மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூலும் கொண்டு கையால் தைக்கலாம். நேரம் பிடிக்கும், வலிமையில் குறையிருக்காது.

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கழற்றும் வழிக்கு வருவோம். இடுப்பில் ஒரு பக்கிள் வைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் தோள் வார்கள் இரண்டும் மூடிய வளையங்களாக இருந்தால், இடுப்பு திறந்த பிறகும் முழுச் சுமையும் தோளிலேயே தொங்கும். ஈரமான உடையின் மேல் அதைத் தலைவழியாகக் கழற்றுவது, அலையில் புரண்டுகொண்டிருப்பவரால் ஆகிற காரியமன்று. எனவே இடது தோள் வாரின் முன்பக்கத்தில், மார்பின் மேற்பகுதியில், 38 மில்லிமீட்டர் கிளிப் ஒன்றைக் கட்டாயம் தையுங்கள். வலது கை டிடெக்டரின் பிடியை விடுகிறது, இடுப்பு பக்கிளை நெம்புகிறது, மேலே சென்று இடது மார்பிலுள்ள கிளிப்பை அழுத்துகிறது. வலது தோளைத் தாழ்த்தினால் ஹார்னெஸ் முழுவதும் வலப்பக்கமாகக் கழன்று விழுகிறது. ஒரே கை, இரண்டு அசைவுகள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையங்களை இரண்டு தோள் வார்களிலும் வைத்து, மீதமுள்ள முனைகள் தொங்காதவாறு எலாஸ்டிக் வளையத்துக்குள் செருகிவிடுங்கள்.

பாயின்டரின் கயிறு, ஹெட்ஃபோன் கம்பி, சல்லடைக் கயிறு எதையும் நேராக உடம்பிலோ மணிக்கட்டிலோ வெட்சூட்டிலோ கட்டக் கூடாது. எல்லாமே ஹார்னெஸில் மட்டுமே இணைந்திருந்தால், ஹார்னெஸ் போகும்போது எல்லாம் சேர்ந்து போய்விடும். விலையுயர்ந்த கருவி தொலைந்துவிடுமே என்ற கவலை இயல்பானது. அதற்காக முதுகுப் பகுதியில் நுரைக் குழல் துண்டுகளைச் செருகிப் பார்க்கலாம். கழற்றிவிட்ட தொகுதி மிதக்கும் அளவுக்கு நுரை சேர்ந்தால், பிறகு நிதானமாகப் போய் எடுத்துக்கொள்ளலாம். நுரை அதிகமானால் நிற்கவே விடாமல் உங்களைத் தூக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சோதியுங்கள்.

பெட்டியும் கம்பியும்

பலகையைப் பெட்டியைவிட நான்கு விரல் நீளமாகவும் இரண்டு விரல் அகலமாகவும் அறுத்து, மூலைகளை வட்டமாக ராவிக்கொள்ளுங்கள். பெட்டியைக் கட்டும் 25 மில்லிமீட்டர் நாடாவுக்கு நான்கு பிளவுகளும், இடுப்புப் பட்டை நுழைவதற்கு இரண்டு பிளவுகளும் வேண்டும். பிளவின் இரு முனைகளிலும் துளையிட்டு, இடைப்பட்ட பகுதியை அரத்தால் ராவி எடுத்தால் சீராக வரும். பிளவின் விளிம்பு கூராக இருந்தால் அது நாடாவை அறுக்கும். உப்புக்காகிதத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பெட்டிக்கும் பலகைக்கும் இடையில் பழைய வெட்சூட் துணியின் துண்டு ஒன்றை வைத்தால் பெட்டி உருளாது. வெல்க்ரோவை மட்டும் நம்பிப் பெட்டியைக் கட்ட வேண்டாம்; அதன் கொக்கிகளில் மணல் அடைந்துவிட்டால் பிடிமானம் போய்விடும்.

பெட்டி நீரில் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கணக்குக்காக, 1.5 லிட்டர் பருமனும் 1 கிலோ எடையும் உள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது முழுதாக மூழ்கும்போது கடல்நீர் அதை 1.5 கிலோவுக்குச் சற்று அதிகமான விசையோடு மேலே தள்ளும். அதாவது அரைக் கிலோ அளவுக்கு மேல்நோக்கியே இழுக்கும். கரையில் கீழே தொங்கிய பெட்டி, மார்பளவு நீரில் விலாவை நோக்கி ஏறுவது இதனால்தான். பேட்டரி மாட்டி மூடிய பெட்டியை ஒரு வாளி நீரில் போட்டுப் பார்த்தால் அது மிதப்பதா மூழ்குவதா என்று தெரிந்துவிடும். மிதப்பதானால், பலகையின் கீழ் முனையிலிருந்து தொடையைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் வாரைக் கட்ட வேண்டும். அந்த வாருக்கும் ஒரு கிளிப் வேண்டும். இல்லாவிட்டால் மேலே அமைத்த கழற்றும் ஏற்பாடு முழுவதும் தொடையில் வந்து நின்றுவிடும். ஆகவே முடிந்தவரை தொடை வாரைத் தவிர்த்து, இடுப்புப் பட்டையையே இறுக்கிப் பார்ப்பது மேல்.

கம்பியைக் கட்டுவதில் இரண்டு எதிரெதிர்த் தேவைகள் இருக்கின்றன. காயிலுக்கு அருகில் கம்பி ஆடினால் பொய்யான ஒலிகள் எழும். எனவே காயிலிலிருந்து தண்டின் மேற்பகுதி வரை கம்பியை இறுக்கமாகச் சுற்றி, கேபிள் டையால் இடையிடையே கட்ட வேண்டும். தண்டுக்கும் இடுப்புக்கும் இடையில் மாறாகத் தளர்வு வேண்டும். வீச்சின் இடது எல்லைக்குக் காயிலைக் கொண்டுபோய்ப் பார்த்து, அப்போது கம்பி இழுபடாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் கம்பி வளையமாகத் தொங்கிக் காலிலும் அள்ளியிலும் மாட்டும். ஹெட்ஃபோன் கம்பியை முதுகுப்பக்கமாகக் கொண்டுபோய், தோள் வார் சந்திக்கும் இடத்தில் ஒரு நாடா வளையத்துக்குள் நுழைத்துக் காதுக்கு ஏற்றுங்கள். முன்பக்கம் விட்டால் குனியும் ஒவ்வொரு முறையும் கையில் சிக்கும்.

பை, பாயின்டர், அள்ளி, சல்லடை

பையின் அடி வலைத் துணியாக இருந்தால் நீரும் மணலும் தாமாக வெளியேறிவிடும். வலைக்கண்கள் சிறியவையாக இருக்கட்டும். காதணியின் திருகு நழுவிவிடக் கூடாது. குப்பைக்குத் திறந்த வாயுள்ள பெரிய அறையும், நல்ல பொருளுக்கு உள்ளே ஜிப் வைத்த சிறிய அறையும் தேவை. கிடைத்த குப்பையை மீண்டும் கடலில் எறியாமல் பையில் போடுவது நாகரிகம் மட்டுமல்ல. அதே தூண்டில் ஈயம் நாளைக்கும் உங்களைக் குனிய வைக்காது.

பாயின்டரின் உறையை இடது இடுப்பின் முன்பக்கம் தைத்து, சுருள் கயிற்றால் பட்டையோடு இணையுங்கள். மணல் அள்ளியை ஹார்னெஸில் கட்டவே வேண்டாம். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள எஃகு அலையோடு உங்கள் காலைச் சுற்றி வருவது ஆபத்தானது. மரக் கைப்பிடி போட்ட அள்ளியாக இருந்தால், விட்டுவிட்டாலும் கனமான வாய் அடியில் ஊன்றி, கைப்பிடி மேல்நோக்கி நிற்கும். உலோகக் கைப்பிடியின் மேல்முனையில் நுரைக் குழல் துண்டைச் செருகினாலும் ஓரளவு அதே பயன் கிடைக்கும்.

மிதக்கும் சல்லடை ஏரிகளுக்கும் அலையில்லாத குடாக்களுக்கும் உரியது. பிவிசி குழாயில் 45க்கு 60 சென்டிமீட்டர் சட்டம் செய்து, அரை அங்குலக் கண்ணுள்ள வலையைக் கட்டி, சட்டத்தைச் சுற்றி நுரைக் குழலைப் போர்த்தினால் வேலை முடிந்தது. அதை இழுக்கும் கயிறு ஒன்றரை மீட்டர் இருக்கட்டும். கயிற்றைப் பட்டையின் பின்புறத்தில் நேராக முடிச்சிடாமல், இடையில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை வைத்து இணையுங்கள். சல்லடை எங்காவது மாட்டி பலமாக இழுத்தால் ரப்பர் அறுந்து உங்களை விட்டுவிடும். திறந்த கடலின் அலையில் சல்லடையைக் கட்டி இழுக்க வேண்டாம்.

இறங்குவதற்கு முன்

முதல் சோதனையைக் கூடத்திலேயே செய்யுங்கள். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் மட்டும் கழற்றிப் பாருங்கள்; பிறகு கையுறையோடு ஒரு முறை. அடுத்தது நீச்சல் குளத்திலோ முழங்கால் அளவு நீரிலோ, துணைக்கு ஒருவர் நிற்க, அமர்ந்த நிலையில் கழற்றிப் பார்ப்பது. ஐந்து நொடிக்குள் விடுபட முடியவில்லையென்றால் எந்த இடத்தில் மாட்டுகிறது என்று பார்த்து மாற்றித் தையுங்கள். வெட்சூட்டின் மிதப்பைச் சமாளிக்க ஈயப் பெல்ட் அணிபவர்கள் அதை ஹார்னெஸுக்கு அடியில் கட்டக் கூடாது. அது வெளியே தனியாக, தனிப் பக்கிளோடு, முதலில் கழலும்படி இருக்க வேண்டும். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டைக்குள் நீர் புகுந்தால் எழுந்து நடப்பதே பெரும்பாடாகிவிடும் என்பதால், அலையுள்ள கடலில் அதை அணிந்து இறங்க வேண்டாம்.

எங்கே இறங்கலாம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கீழுள்ள இடங்களில், ஃப்ளோரிடாவின் கெனாவெரல் தேசியக் கடற்கரை உட்பட, மெட்டல் டிடெக்டரை வைத்திருப்பதே விதிமீறலாகும். மாநிலத்துக்குச் சொந்தமான கடலடியில் கிடக்கும் வரலாற்றுப் பொருள்கள் மாநிலத்தின் உடைமை. 1715ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் புயலில் சிக்கி உடைந்த ஸ்பானியக் கப்பல்களின் எச்சங்கள் கிடக்கும் செபாஸ்டியன், வீரோ பீச் பகுதியில், கப்பல் கிடக்கும் இடங்களைத் தோண்டும் உரிமை உரிமம் பெற்ற மீட்பாளர்களுக்கே உண்டு. அங்கே மணலோடு நின்றுகொள்ளுங்கள். மற்ற கரைகளில் ஊருக்கு ஊர் விதி மாறும். முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நீருக்குள் கால்களைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை மீன் அதிர்வை உணர்ந்து விலகிப் போகும், மேலே மிதித்தால்தான் முள்ளால் குத்தும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் உடனே ஹார்னெஸைக் கழற்றிவிட்டு, கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து வெளியேறுங்கள். ஃப்ளோரிடாவில் கோடைகாலப் பிற்பகல்களில் இடி விழுவது சாதாரணம். முதல் இடியோசை கேட்டதும் நீரிலிருந்து ஏறிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் ஹார்னெஸை நல்ல நீரில் ஊறவைத்து, கிளிப்களின் இடுக்கில் நீரைப் பீய்ச்சி மணலை வெளியேற்றி, நிழலில் காயவையுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு பெட்டித் தையலையும் விரலால் இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் அறுந்திருந்தால் அந்தச் சதுரம் முழுவதையும் பிரித்துப் புதிதாகத் தையுங்கள். பழைய தையலின் மேலேயே இன்னொரு வரிசை ஓட்டினால், ஊசி போட்ட துளைகள் பெருகி நாடாதான் பலவீனமாகும்.